காய்க்கிறியா, வெட்டட்டுமா?

பூசணிப் பிஞ்சை ஆள்காட்டி விரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் அழுகிவிடும். பிஞ்சு விட்டிருக்கும் இடத்தை யாருக்காவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும், அல்லது முகவாயைத் தூக்கிக் கண்ணால் காட்ட வேண்டும். விளக்கு வைத்த பிறகு எந்தச் செடியிலும் கைவைக்கக் கூடாது, அது தூங்குகிறது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். புடலைக்குக் கல். அவரைக்குச் சாம்பல். காய்க்காத பலாவுக்குக் கோடாரி.

வீட்டின் பின்கட்டைத் தாண்டிக் கொல்லைக் கதவைத் திறந்தால் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, பாடமாகச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முருங்கைக்காய் பறித்துக்கொண்டே, பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டே பெண்கள் பேசினார்கள். கூட நின்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். செடியை வளர்க்கிற அந்தப் பேச்சு இப்போது இல்லை. சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக் காட்ட ஒரு கொடி இல்லை.

அதை யாரும் வாதாடி ஒழிக்கவில்லை. பகுத்தறிவு மேடைகள் பேயையும் சோதிடத்தையும் சாதியையும் குறிவைத்தன; அவரைப் பந்தல்வரை வரவில்லை. விவசாயக் கல்லூரிகள் வயலைப் பார்த்தன, கொல்லைக்குள் நுழையவில்லை. பூசணிப் பிஞ்சுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் தொடர்பில்லை என்று நிரூபித்து ஒரு பாட்டியின் வாயை அடைத்தவர் எவருமில்லை. அடுப்பிலிருந்து சாம்பல் வருவது நின்றது. கழுநீர் குழாய்க்குள் போனது. கொல்லையில் சிமெண்டு போட்டு வண்டி நிறுத்தினார்கள். நம்பிக்கை நிற்பதற்கு மண் இல்லாமல் போனது.

பூசணியை எடுத்துக்கொள்வோம். அதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலில் ஆண்பூவாகவே பூத்துத் தள்ளும். பிறகுதான் அடியில் சின்ன உருண்டையோடு பெண்பூ வரும். அது விரிந்திருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. அதற்குள் தேனீ வந்து போகாவிட்டால் உருண்டை மஞ்சளித்து, சூம்பி, சில நாளில் விழுந்துவிடும். பிழைத்த பிஞ்சிலும் பழ ஈ குத்தினால் அழுகல்தான். ஆக, ஒரு கொடியில் பாதிப் பிஞ்சு யார் கைநீட்டினாலும் நீட்டாவிட்டாலும் போய்ச்சேர வேண்டியதுதான். விழுந்த பிஞ்சைப் பார்த்ததும் “யாருடா கைய நீட்டுனது?” என்று வீட்டில் கேள்வி எழும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பழி விரலுக்குப் போய்விடும், கொடிக்குப் போகாது. காய்க்காத கொடி என்று எவரும் அதைப் பிடுங்கிப் போட மாட்டார்கள். மறுநாள் காலையில் மீண்டும் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்று வாரம் பொறுமையாகத் தண்ணீர் ஊற்ற ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை இந்த நம்பிக்கை கொடுத்தது.

புடலைக்குக் கல் கட்டுவதில் மர்மம் ஒன்றுமில்லை. பிஞ்சு வளைந்து சுருளாமல் நேராக இறங்க நுனியில் நூல் கட்டிச் சின்னக் கல்லைத் தொங்கவிடுவார்கள். ஆனால் எந்தக் கல், எவ்வளவு எடை, பிஞ்சு எத்தனை விரல் நீளம் வந்ததும் கட்டுவது என்பதெல்லாம் கையறிவு. கனத்த கல்லைக் கட்டினால் காம்பே அறுந்து வரும்.

சாம்பலுக்கு வருவோம். இந்தச் சாவின் நடுவில் இருப்பது அதுதான்.

விறகடுப்பு எரிந்த காலத்தில் தினமும் காலையில் அடுப்பைக் கிளறிச் சாம்பலை அள்ளுவார்கள். கரித்துண்டைப் பொறுக்கித் தனியாக வைத்துவிட்டு மீதியைச் சலித்து ஒரு பழைய பானையில் போடுவார்கள். பாதி பாத்திரம் தேய்க்க. பாதி கொல்லைக்கு. அவரை பூக்கும் நாளில் விடிந்தும் விடியாமலும், இலையில் பனியீரம் இருக்கும்போதே முறத்தில் சாம்பலோடு பந்தலடிக்குப் போக வேண்டும். கைப்பிடி சாம்பலை எடுத்துக் கீழிருந்து மேலாக, விசிறினாற்போல வீச வேண்டும். மேலிருந்து தூவுவது தெரியாதவர்கள் செய்கிற வேலை. அசுவினிப் பூச்சி இலையின் அடிப்பக்கத்தில், பூங்கொத்தின் இடுக்கில் அடை அடையாக இருக்கும். சாம்பல் அங்கே போய் ஈரத்தில் ஒட்டினால்தான் பயன். வெயில் ஏறிய பிறகு வீசினால் ஒட்டாது, காற்றோடு போய்விடும். வெள்ளிக்கிழமை வீசக் கூடாது, அமாவாசைக்கு முந்தின நாள் வீசினால் நல்லது என்று இதோடு சேர்த்துச் சொல்வார்கள். கிழமைக் கணக்கில் பொருள் உண்டோ இல்லையோ, பனியீரக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. விறகுச் சாம்பலில் பொட்டாசும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. மழை பெய்தால் அது வேருக்கும் இறங்கும்.

2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா எரிவாயுத் திட்டம் வந்தது. ஊதுகுழலும் கையுமாகப் புகையில் இருமிக் கண் சிவந்த பெண்களுக்கு அது விடுதலை. அதற்கு எதிராக ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் அடுப்போடு சாம்பல் போனது. சாம்பல் போன இடத்துக்குச் சோப்புக்கட்டி வந்தது. வாழையடியில் தேங்கிக்கொண்டிருந்த தேய்ப்புத் தண்ணீர், வாழைக்கு ஆகாத தண்ணீரானது. பிறகு அதுவும் குழாயில் இறங்கிச் சாக்கடைக்குப் போய்விட்டது. வெந்நீர் அடுப்பின் புகை கொல்லை மாமரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பதும் நின்றது. அந்தப் புகைக்கு ஒரு வேலை இருந்தது. பிலிப்பைன்ஸ் விவசாயிகள் மாமரத்தடியில் நாள்கணக்காக மூட்டம் போட்டுப் பூக்க வைத்தார்கள். புகையில் இருக்கும் எத்திலீன் பூப்பைத் தூண்டுகிறது. அந்த நாட்டின் ரமோன் பார்பா 1970களில் புகைக்குப் பதிலாகப் பொட்டாசியம் நைட்ரேட் தெளித்து மாமரத்தைப் பூக்க வைக்கும் முறையைக் கண்டறிந்தார். ‘வெந்நீர் அடுப்புப் பக்கத்து மாமரம் முந்திப் பூக்கும்’ என்று நம் ஊரில் சொன்னால் சிரிப்பவர்கள் இந்தக் கதையையும் தெரிந்துகொள்ளலாம்.

கழுநீரும் அப்படித்தான். அரிசி கழுவிய முதல் தண்ணீர் மாட்டுக்கு. மாடு இல்லாத வீட்டில் கறிவேப்பிலைக்கு. மீன் கழுவிய தண்ணீர் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும். பூ உதிர்கிற கத்தரிக்குப் பெருங்காயத்தைத் துணியில் முடிந்து, தண்ணீர் பாயும் மடைவாயில் வைப்பார்கள். வாசம் தண்ணீரோடு பாத்தி முழுக்கப் போகும். காய் பிடிக்காத முருங்கையில் துளையிட்டுப் பெருங்காயம் வைத்து மண்ணால் அடைப்பார்கள். முருங்கைப் போத்து நடும்போது மேல் வெட்டுவாயில் சாணி உருண்டையை அப்புவார்கள். அது வெட்டுவாய் காயாமலும் மழைநீர் இறங்கி அழுகாமலும் காக்கும். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்ற பழமொழியில் பிள்ளைக்குச் சொன்னதை நான் ஏற்கவில்லை. முருங்கைக்குச் சொன்னது சரி. ஒடிக்க ஒடிக்கத்தான் அது கிளைக்கும், கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். 1980களின் பிற்பகுதியில் பெரியகுளத்திலிருந்து பி.கே.எம்.1 ரகம் வந்த பிறகு முருங்கை விதை போட்டு வளர்க்கிற பயிரானது. போத்தும் சாணி உருண்டையும் கூடவே மறைந்தன.

இவை எல்லாவற்றிலும் நான் அதிகம் இழந்ததாக நினைப்பது மரத்தை மிரட்டும் சடங்கை.

எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். பலாவுக்குப் பேர்போன செம்மண். கொல்லையில் விதை போட்டு முளைத்த பலா ஒன்று எட்டு வயதாகியும் காய்க்கவில்லை. ஒரு கார்த்திகை மாத விடியற்காலையில் சித்தப்பா கோடாரியோடு மரத்தடிக்குப் போனார். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, பின்னாலேயே போனது. பிள்ளைகள் நாங்கள் கிணற்றடியில் நின்றோம். சித்தப்பா கோடாரிப் பிடியால் மரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

“என்னா, காய்க்கிறியா, வெட்டட்டுமா?”

அப்பாயி மரத்துக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றது.

“வெட்டிப்புடாதப்பா. இந்த ஒரு வருசம் பொறுத்துக்க. வர்ற வருசம் காய்ச்சிரும்.”

“போன வருசமும் இதத்தான சொன்ன?”

“போன வருசம் மழ இல்ல. அது என்னப்பா பண்ணும்? நாஞ் சொல்றேன்ல, காய்க்கும்.”

மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அப்பாயி பதில் சொன்னது. பிறகு சித்தப்பா இடுப்பளவு உயரத்தில் பட்டையில் ஒரு வெட்டுப் போட்டார். ஆழமாக இல்லை, பட்டை பிளந்து பால் வரும் அளவுக்கு. வெள்ளைப் பால் கோடாகக் கீழே இறங்கியது. அப்பாயி கையில் வைத்திருந்த சாணியை அந்த இடத்தில் அப்பியது. அங்கே யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பாவின் குரல் உண்மையாகவே அதட்டல் குரல். அப்பாயியின் குரல் உண்மையாகவே கெஞ்சுகிற குரல். அன்றைக்கே அப்பாயி மரத்தைச் சுற்றிக் கொத்திவிட்டு எருக்குழியிலிருந்து கூடை கூடையாக எரு கொண்டுவந்து போட்டது. கோடை முழுக்க அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியதும் அப்பாயிதான். மரத்துக்காக வாக்குக் கொடுத்தவர் அவர். ஜாமீன் நின்றவர் அவர். வாக்கைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு மரத்தைவிட அவருக்கே அதிகம்.

மறு கோடையில் அந்த மரம் காய்த்தது. விதையிலிருந்து வந்த பலா எட்டு ஒன்பது வயதில் எப்படியும் காய்க்கத் தொடங்கும். வெட்டுக்கும் பங்கு இருக்கலாம். இலையில் உண்டாகிற சர்க்கரை பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டையை வெட்டினால் அது அங்கே தடைப்பட்டு மேலே தேங்கும், பூப்பதற்கு அது தூண்டுதல். மா, லிச்சி, திராட்சைத் தோட்டங்களில் வளையமாகப் பட்டை எடுக்கிற வேலை இன்றும் நடக்கிறது. ஆனால் அந்தக் கத்தியில் கேள்வி இல்லை, மரத்தின் பக்கம் நின்று பதில் சொல்ல ஆள் இல்லை.

இந்தச் சடங்கு நம்முடையது மட்டுமில்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது மனம் நிறைந்தது. மலேயாவில் சிலாங்கூரின் ஜுக்ரா பக்கத்தில் நடந்ததை டபிள்யூ. டபிள்யூ. ஸ்கீட் 1900இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். காய்க்காத துரியன் மரத்தைக் கோடாரியால் கொத்தி ஒருவர் மிரட்டுவார். துரியனில் ஏற முடியாது என்பதால் பக்கத்து மங்குஸ்தான் மரத்தில் ஏறி உட்கார்ந்த இன்னொருவர் துரியன் சார்பில் பதில் சொல்வார்: காய்க்கிறேன், வெட்டாதே. ஜப்பானில் ஜனவரி 15ஐ ஒட்டி வரும் சிறு புத்தாண்டில் சீமைப் பனிச்சை மரத்தடியில் இருவர் நின்று இதே கேள்வியும் பதிலும் சொல்வார்கள். வெட்டிய இடத்தில் சிவப்புப் பயற்றங்கஞ்சியைத் தடவுவார்கள். நரிகிசெமெ என்று அதற்குப் பெயர். லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் சொந்தக்காரர். இந்த ஒரு வருஷம் இருக்கட்டும், நான் சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று கெஞ்சுகிறார் தோட்டக்காரர். அதை முதல்முறை வாசித்தபோது அப்பாயியின் குரலில்தான் எனக்குக் கேட்டது. கொத்துவதும் எருப் போடுவதும்கூட அப்படியே.

தென்னைக்குப் பேச்சுச் சத்தம் கேட்க வேண்டும் என்பார்கள். வீட்டை ஒட்டிய தென்னைதான் குலை குலையாகத் தள்ளும். தோப்பின் கடைசி மரம் பேச்சுக் கேட்காமல் ஏங்கிவிடும் என்பது கணக்கு. வீட்டை ஒட்டிய மரத்துக்குக் குளித்த தண்ணீர், சாம்பல், உப்புக் கழிவு எல்லாம் கிடைத்தன என்பது வெளிப்படை. தென்னைக்கு உப்பிலுள்ள குளோரைடு உண்மையிலேயே வேண்டும். இலங்கை மக்களிடமும் இதே நம்பிக்கை இருந்ததை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் பதிவு செய்திருக்கிறார்: நடுவில் நடமாடிப் பேசினால்தான் தென்னை செழிக்கும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த டி.சி.என். சிங் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் செடிகளுக்கு இசை கேட்க வைத்து ஆய்ந்தார். அவர் முடிவுகளைத் தாவரவியல் உலகம் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தச் சோதனை நம் மண்ணில், நாகசுரம் கேட்டு வளர்ந்த ஊரில் நடந்ததில் எனக்கு வியப்பில்லை. நற்றிணையின் 172ஆம் பாட்டில் ஒரு பெண், தோழியரோடு நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த புன்னையைத் தாய் சொன்னபடி உடன்பிறந்தவளாக எண்ணி, அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக் கூசுகிறாள். செடிக்குக் காது உண்டு, வெட்கம் உண்டு, உறவு உண்டு என்கிற எண்ணத்துக்கு நம்மிடம் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு வயது. அதன் கடைசிப் பேச்சைத்தான் கொல்லையில் கேட்டோம்.

செடி தூங்குகிறது என்பதும் அந்த எண்ணத்திலிருந்து வந்ததே. அந்தியில் புளியும் அகத்தியும் தூங்குமூஞ்சியும் கீழாநெல்லியும் இலை மடிப்பதைப் பார்த்தவர்கள் எல்லாச் செடியும் தூங்கும் என்று நினைத்ததில் தவறென்ன? இருட்டில் கொடிக்குள் கைவிட்டால் பூச்சி பொட்டு கடிக்கும் என்ற எச்சரிக்கையும் அதற்குள் இருந்தது.

விதை பற்றி இரண்டு சொல். நன்றாக முற்றிய முதல் காயை விதைக்கென்று கொடியிலேயே விட்டு அடையாளத்துக்கு ஒரு துணி கட்டுவார்கள். பசிக்கிற நாளிலும் அதைப் பறிக்கக் கூடாது. பூசணி, சுரை விதைகளைச் சாணியில் பிசைந்து சுவரில் வறட்டியாக அப்பி வைப்பார்கள். ஆடி பிறந்ததும் வறட்டியைப் பிட்டு அப்படியே குழியில் வைத்தால் விதையும் எருவும் சேர்ந்து போகும். கத்தரி, அவரை விதைகளைச் சாம்பலில் புரட்டி, புகை படும் இடத்தில் உறியில் தொங்கவிடுவார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதில் மூடநம்பிக்கை துளியும் இல்லை. நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டால் மழையில் கொடி வீசி, ஐப்பசிக்கு மேல் பகல் சுருங்கும்போது பூத்து, தைக்குள் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தையில் போட்டால் கொடிதான் ஓடும், பூ வராது. ‘தையில போட்ட அவரைக்குத் திமிர்’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எந்த நாளிலும் காய்க்கும் குத்து அவரை வந்த பிறகு, மாதத்தைப் பார்க்கிற வேலை விதைப் பாக்கெட்டின் முதுகுக்குப் போய்விட்டது. கலப்பின விதையில் எடுத்த விதை தாயைப் போல் வராது. எனவே துணி கட்டிக் காயை விடுகிற வழக்கத்துக்கும் பொருள் இல்லாமல் போனது.

போனதில் போக வேண்டியதும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இரங்கல் எழுதினால் அது பொய். மாதவிலக்கு நாளில் துளசியடியிலும் முல்லைப் பந்தலடியிலும் பெண்கள் போகக் கூடாது, நிழல் விழுந்தாலே பட்டுவிடும் என்றார்கள். வருஷம் முழுக்க அந்தச் செடிக்குத் தண்ணீர் சுமந்த கையையே மாதம் மூன்று நாள் விஷம் என்று சொல்ல வைத்தார்கள். கைராசி என்ற சொல் நல்ல சொல். அந்தத் தெருவிலேயே செடி நன்றாக வருகிற கை எது என்று தெரிந்து, கன்று நட அவரைக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் கணவனை இழந்தவளுக்கும் பிள்ளை இல்லாதவளுக்கும் கைராசி கிடையாது என்று முடிவு செய்துவிட்டு ஆரம்பித்த ராசி அது. எத்தனை நல்ல கைகள் திண்ணையோரம் ஒதுங்கி நின்றன! இன்னொன்றும் உண்டு. ‘கொல்லைக்குப் போகிறேன்’ என்றால் என்ன பொருள் என்று தமிழர் எல்லோருக்கும் தெரியும். நகரத்துத் தெருக்களில் வீட்டின் பின்புறச் சந்து வழியாக வந்து கையால் மலம் அள்ளியவர்களுக்கு அந்தக் கொல்லை, கூலி குறைந்த, மானம் பறித்த வேலையிடம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன. கொல்லையின் செழிப்பைப் பாடுகிறவர் அந்தப் பின்புறச் சந்தினையும் நினைக்க வேண்டும். இவை போனதற்கு எனக்குத் துளியும் வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். சமஸ்கிருதத்தில் எழுதி வைத்தது பிழைத்துக்கொண்டது. காய் பிடிக்காத மரத்துக்குக் கொள்ளு, உளுந்து, பாசிப்பயறு, எள், வாற்கோதுமை சேர்த்துப் பாலில் காய்ச்சி ஆறவைத்து ஊற்றச் சொன்ன வராகமிகிரரின் குறிப்பு ஆறாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. மர மருத்துவம் சொல்லும் சுரபாலரின் விருட்சாயுர்வேதச் சுவடி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்தது, ஒய்.எல். நேனே அதன் படியை வரவழைக்க, நளினி சாதலே மொழிபெயர்த்து 1996இல் வெளிவந்தது. மீனும் இறைச்சியும் எலும்பும் கொதித்துப் புளிக்கும் குணபஜலத்தை இன்று ஆராய்ச்சி நிலையங்கள் சோதித்துப் பார்க்கின்றன. மீன் கழுவிய தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றிய பெண்ணும் அதே உண்மையின் ஓரத்தில்தான் நின்றாள். அவள் எதையும் எழுதவில்லை, அவளிடம் யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவும் இல்லை. சுவடி தேடி ஆக்ஸ்ஃபோர்டு வரை போன அக்கறையில் ஒரு பங்கு, பக்கத்துத் தெருக் கிணற்றடிக்குப் போயிருக்கலாம்.

சில செய்முறைகள் திரும்ப வந்திருக்கின்றன. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013இல் மறையும்வரை ஊர் ஊராக நடந்து சொன்னதன் பலன் அது. கொடுமுடி டாக்டர் நடராஜன் செப்பனிட்டுப் பரப்பிய பஞ்சகவ்யம் இன்று புட்டியில் கிடைக்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த பைகளிலும் தென்னைநார்க் கழிவிலும் மாடித்தோட்டம் போட்டவர்கள் நாட்டு விதையைத் தேடிப் பரிமாறிக்கொள்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன்; மொட்டை மாடி வெயிலில் ஒரு கத்தரியைக் காய்க்க வைப்பது எளிய வேலை இல்லை. ஆனால் அளவும் நாளும் மில்லியும் எழுதிய செய்முறையில், மரத்துக்காக வாக்குக் கொடுக்க எழுந்து வருகிற ஆள் இல்லை.

அந்த மறைந்த பேச்சு தன் பின்னே சிலவற்றை விட்டுச் சென்றிருக்கிறது. கார்த்திகைக்கு மறுநாள் எருக்குழியிலும் விளக்கு வைக்கும் குப்பைக் கார்த்திகை சில ஊர்களில் இன்னும் நடக்கிறது. முளைப்பாரி நடக்கிறது, கடையில் வாங்கிய நவதானியத்தில் நடக்கிறது. பொங்கல் பானையில் மஞ்சள் கொத்தைக் கட்டுகிறவர்கள் உண்டு. பொங்கல் முடிந்ததும் அந்தக் கிழங்கை மண்ணில் புதைக்கிறவர்கள் குறைவு. அடுக்குமாடிகளில் புதிதாக ஒன்று பிறந்திருக்கிறது: மணிபிளான்டைக் கேட்காமல் ஒடித்துவந்து வைத்தால்தான் வளரும் என்கிறார்கள். பசிபிக் கடலின் மோரியா தீவுக் கொடி அது. வீடுகளில் வளர்க்கும்போது பூப்பதே இல்லை.

கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றுகிறவர்கள் மட்டும் நிறையப் பேர் மிஞ்சியிருக்கிறார்கள். புளித்த தயிர் வீணாகக் கூடாது என்ற எண்ணம் இந்த ஒரு நம்பிக்கையைக் காப்பாற்றிவிட்டது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து வேருக்கு எட்டாமல் இலை வெளுக்கும். அங்கே மோரின் புளிப்பு கொஞ்சம் உதவும். கொல்லை மண் எவ்வளவு ஊற்றினாலும் வாங்கிக்கொண்டது, மண்புழுவும் வேரும் பார்த்துக்கொண்டன. தொட்டி மண்ணால் அது முடியாது. கெட்டியான மோர் மேலே படிந்து பூஞ்சணம் பிடிக்கும், எறும்பு வரும். தொட்டியில் வைத்திருப்பவர்கள் வெண்ணெய் எடுத்த, உப்புப் போடாத மோர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, மாதம் ஒருமுறை, வெயில் தாழ்ந்ததும் வேரைச் சுற்றி ஊற்றினால் போதும்.